யாராவது சொல்வார்கள்

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் ஆண்டவன் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தானின் முழங்கால் வலி மட்டும் காலி செய்யாத குடித்தனக்காரன் மாதிரி. போகச் சொன்னால் இன்னொரு காலுக்குக் குடி மாறுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரிக்கு இருமல் நின்றதா? சின்னவளுக்குப் பல் விழ ஆரம்பித்ததா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் திட்டுவேன். பக்கத்தில் எந்தக் காது நீண்டிருக்கிறது என்றும் தெரியாது. நமக்குக் கடிதம்தான் சரி.

கமாண்டரைப் பிடித்துவிட்டார்கள். கண் ஆபரேஷனுக்கு வெளிநாடு போனவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே வாரண்டை வாசித்து, நாடுகள் கூடி நடத்தும் அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். இங்கே பொதுமன்னிப்புச் சட்டம் போட்டு, அவன் பெயரில் மைதானம் திறந்து, பள்ளிப் பரிசளிப்புக்கும் அவனையே அழைத்து நம்மைக் கைதட்ட வைத்தார்களே, அவனைத்தான்.

இத்தனை வருடத்தில் நாம் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாத விஷயம் இது. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. பாதுகாப்புத் தருகிறோம் என்று நம் சனத்தை மட்டும் பெயர் சொல்லிப் பொறுக்கித் தானியக் கிடங்கில் அடைத்தார்கள். அம்மாவும் அண்ணனும் உள்ளே போன வாசல் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கிடங்கில் தானியம் நிறுக்கும் எடைக்காரர் என்னைப் பின்பக்கத்து எடை அறைக்குள் தள்ளிப் பூட்டாவிட்டால், நீ முன்வாசல் லாரிக்கு அடியில் தலையில் அடிபட்டு மயங்கிக் கிடக்காவிட்டால், இந்தக் கடிதத்தை எழுதவும் ஆள் இல்லை, படிக்கவும் ஆள் இல்லை. நீ எதையும் கேட்காமல் கிடந்தாயே, அதற்காகவே என் பிரார்த்தனையில் தினமும் ஒரு தனி நன்றி உண்டு.

நீதிமன்றத்து விசாரணை ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள். நம் வீட்டுக்கும் வந்தார்கள். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

அன்புள்ள,
அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூவரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவு வைக்காத வீடு மாதிரி இருக்கிறாள். இருமல் போய்விட்டது. அத்தானைப் படி ஏறாமல் பார்த்துக்கொள்.

என் வேலை அதேதான். நேற்று ஒரு கல்யாண மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். கதவை நெம்பித் திறந்ததும் "நீங்க கடவுள்ங்க" என்றார். "இல்லீங்க, பராமரிப்பு ஒப்பந்தம்" என்றேன்.

கமாண்டர் செய்தியை நானும் பார்த்தேன். அக்கா, உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஆட்கள் மறுபடி வந்தால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு. உண்மையும் அதுதானே? எடை அறைச் சுவர் எவ்வளவு கனம். உள்ளே இருந்தவளுக்கு என்ன கேட்டிருக்கப் போகிறது? அங்கேயே குடும்பம் நடத்துகிறவள் நீ. அவனுடைய ஆட்கள் இன்றும் உன் கடைத்தெருவில் கடை வைத்திருக்கிறார்கள், பதவியில் உட்கார்ந்திருக்கிறார்கள். உனக்கு எதற்கு வம்பு?

யாராவது சொல்வார்கள்.

உன்
வாலு


பிப்ரவரி 15

வாலு,

உன் குடும்பத்தின் சுகம் அறிந்து மகிழ்ச்சி. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதம்தான் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டது.

யாராவது என்றால் யார்? எந்தத் தெருவில் குடியிருக்கிறார்? கதவைத் தட்டினால் திறப்பாரா? அன்றைக்கும் ஊர் இதைத்தான் சொன்னது. நம்மை வரிசையில் நடத்திக்கொண்டு போனபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டு, யாராவது தடுப்பார்கள் என்றது. எல்லைக்கு அப்பால் ரேடியோவில் கேட்டவர்களும் யாராவது தடுப்பார்கள் என்றார்கள். நானும் உள்ளே உட்கார்ந்து அந்த யாராவதுக்காகத்தான் மன்றாடிக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லையடா.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் மணி அடித்தால், யாராவது திறப்பார்கள் என்று நீ சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பாயா?

இங்கே புதிதாக ஒருவன் கிளம்பியிருக்கிறான். தெருமுனைக் கட்சி அலுவலகத்துக்காரன். ஊர் அவனுக்கு வைத்த பெயர் லவுட்ஸ்பீக்கர். சாயங்காலம் ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நம் சனத்தைப் பூச்சி, புழு என்கிறான். "கிடங்கு இன்னும் அங்கேயேதான் இருக்கு, மறந்துடாதீங்க" என்று சிரிக்கிறான். நானும் எதிர்வீட்டு டீச்சரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். டீச்சர் நம் சனம் இல்லை என்பது உனக்குத் தெரியும்; ஆனாலும் வந்தாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தபடியே, "பேச்சுதானேம்மா. பேச்சு யாரைக் கொல்லும்?" என்றார். அன்றைக்கும் முதலில் வந்தது பேச்சுதான் என்றேன். புகாரை வாங்கவில்லை.

மயங்கிக் கிடந்த உன்னைப் போய்ச் சாட்சி சொல் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வாய் உள்ளவர்களைப் பொத்தச் சொல்லாதே. அம்மா உனக்கு வாலு என்று பெயர் வைத்ததே நீ எதற்கும் அடங்காதவன் என்றுதான். அந்த வால் எங்கே போயிற்று?

சின்னவளுக்கு என் முத்தம். உனக்கு ஒன்றும் கிடையாது.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள அக்கா,

நலமா? இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம். உன் கடிதம் கோட்டுப் பையிலேயே இருக்கிறது. திட்டியதில் வருத்தம் இல்லை. நீ திட்டினால்தான் தெம்பாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை மாதம் வேலை விஷயமாகக் கொஞ்சநாள் வெளியூர் போகிறேன். அந்தச் சமயத்தில் எழுதினால் பதில் வராது. பயப்படாதே.

அக்கா, அன்றைக்கு நீ உள்ளே இருந்தபோது...

சரி, விடு. ஒன்றுமில்லை. அத்தான் முழங்கால் எப்படி இருக்கிறது?

வாலு


மே 20

அன்புள்ள வாலுவுக்கு,

ஆண்டவன் காப்பில் இருக்கிறோம். நீ இரண்டு மாதம் கழித்து எழுதியது இரண்டு விரல் அளவுக் கடிதம். அதில் பாதி அத்தானின் முழங்கால். அது நன்றாக மடங்குகிறது.

இனிமேல் கடிதத்தை டீச்சர் வீட்டு முகவரிக்கு அனுப்பு. நம் வீட்டுத் தபால் பெட்டி சரியில்லை. வாசல் விளக்கும் உடைந்துவிட்டது. அத்தான் புதிது மாட்டினார். அதுவும் உடைந்தது. இப்போது கம்பிக்கூண்டு போட்டு மாட்டியிருக்கிறார். சாயங்காலம் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காருகிறார், காற்றுக்காம். டீச்சரின் வீட்டுக்காரரும் அவர் வாசலில் உட்காருகிறார். அவருக்கும் காற்று வேண்டுமாம். ஒரே காற்று வாங்கலாக இருக்கிறது நம் தெரு.

ஜூலையில் நானும் ஊரில் இருக்க மாட்டேன். வெகுநாள் வேண்டுதல் ஒன்று பாக்கி இருக்கிறது. தூரப் பயணம். துணைக்கு ஆட்கள் வருகிறார்கள். உடம்பு தாங்குமா என்று கேட்காதே, தாங்கும்.

நீ எங்கே போகிறாயோ, அங்கே வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். உன் சுகத்தைத்தான் நம்ப முடியவில்லை. விளக்கு தானாக உடையுமா? அதுவும் இரண்டு தடவை? என்னிடம் மறைக்கிறாய். கேட்டால் கம்பிக்கூண்டு, காற்று என்று கதை சொல்வாய்.

ஜூலையில் நீ ஊரில் இல்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? ஏன் என்று கேட்காதே. முடிந்தால் அத்தானையும் கூட்டிக்கொண்டு போ. எத்தனை நாள் வேண்டுமானாலும் கோயில் குளம் என்று சுற்று. அவசரப்பட்டுத் திரும்பாதே.

என்னைக் கோழை என்று நினைக்கிறாய். நினைத்துக்கொள். ஒருநாள் கணக்குத் தீரும்.

போகிற இடத்தில் எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்.

வாலு


ஜூலை 22

அடேய் திருட்டுப் பயலே,

இந்தக் கடிதத்தின் தபால்தலையைப் பார். முத்திரையைப் பார். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து படி.

போன வாரம் நீ உட்கார்ந்த அதே நாற்காலியில்தான் நேற்றுவரை நான் உட்கார்ந்திருந்தேன். உன் சாட்சியும் முடிந்தது, என் சாட்சியும் முடிந்தது, இனி இருவரும் பேசிக்கொள்ளலாம் என்று சாட்சிகளைக் கவனிக்கும் அம்மாள் சொன்னதும், முதல் வேலையாக எழுதுகோலை வாங்கினேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஜனவரியில் விசாரணை ஆட்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன் என்று எழுதினேன் அல்லவா? பொய் இல்லை. தண்ணீர் கொடுத்தேன், அனுப்பினேன். நடுவில் சாயங்காலம்வரை பேசினதை மட்டும் எழுதவில்லை. வீட்டில்கூட யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது, முக்கியமாக அந்த நாளில் அங்கிருந்தவர்களிடம் பேசவே கூடாது என்றார்கள். அத்தானுக்குப் பயணம் என்று மட்டும் தெரியும். அந்த மனுஷன் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

சாட்சிக் கூண்டு என்று பயந்துகொண்டு போனால், நம் டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரி ஒன்று. ஒரு டம்ளர் தண்ணீர், காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி, பொதுமக்கள் பார்க்காதபடி திரை. ஆண்டவன் பெயரால் சத்தியம் செய்யலாமா என்று கேட்டேன், செய்யலாம் என்றார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதிரே கமாண்டர். கண்ணில் கட்டு இல்லை. ஆபரேஷன் நன்றாக ஆகியிருக்கிறது போல. நல்லது, என்னைத் தெளிவாகப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கில் என்ன சிக்கல் என்று வழக்கை நடத்தும் நம் பக்கத்து வக்கீல் முன்பே விளக்கியிருந்தார். இத்தனை பேர் செத்தார்கள் என்பதை அவர்களே மறுக்கவில்லை. ஏதோ கலவரம், சிப்பாய்கள் கட்டுமீறிவிட்டார்கள், கமாண்டர் அங்கே இல்லவே இல்லை என்கிறார்கள். கொன்றதைக் காட்டினால் மட்டும் போதாதாம். ஒரு சனத்தையே பூமியில் இல்லாமல் ஆக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு கொன்றான் என்று காட்டினால்தான் அது இனப்படுகொலை. எண்ணத்தை எங்கே போய்ப் பிடிப்பது? வாயிலிருந்து வந்தால்தான் உண்டு.

அவன் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டேன், வாலு. எடை அறையின் உச்சியில் காற்றுக்காக ஒரு புழை இருந்தது. தராசு மேல் ஏறி நின்றால் காது எட்டும். பின்வாசலில் நின்று அவன் தன் ஆட்களிடம் சொன்னான்: "சின்னது பெரிசுன்னு பார்க்காதே. விதைக்குக்கூட ஒண்ணு மிஞ்சக் கூடாது."

இதை உன்னிடம் நான் எப்படிச் சொல்வேன்? நீ மயக்கத்தில் கிடந்த பிள்ளை. இந்த வார்த்தை தெரியாமலாவது தூங்கட்டும் என்று விட்டேன். முந்தாநாள் அங்கே சொன்னேன்.

அவன் வக்கீல் எழுந்தார். பட்டு மாதிரிக் குரல். மொழிபெயர்ப்புக்காரப் பெண் என் காதில் நம் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நீங்களும் உங்க தம்பியும் கடிதம் எழுதிக்கிறது உண்டா?"

"உண்டு."

"அதுல இதைப் பத்திப் பேசி வச்சுக்கிட்டீங்க."

"இல்லை."

"அப்படியா? போன வாரம் உங்க தம்பி இதே நாற்காலியில உட்கார்ந்து, முன்வாசல்ல கமாண்டர் சொன்னதா ஒரு வாக்கியம் சொன்னார். விதைக்குக்கூட ஒண்ணு மிஞ்சக் கூடாதுன்னு. அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாம, இப்ப உங்க வாயில. எப்படிம்மா?"

எனக்கு அது நீதிமன்றம் என்பதே மறந்துபோயிற்று.

"எவன்? என் தம்பியா? இங்க வந்தானா? வாயைத் திறந்தானா அந்தப் பய?"

அந்தப் பய என்பதை மொழிபெயர்ப்புக்காரி என்னவென்று சொன்னாளோ தெரியாது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு, "அவன் மயக்கத்துலதானே கிடந்தான்! அவனுக்குக் கேட்டுச்சா? ஐயோ, அவனுக்கும் கேட்டுச்சா!" என்று அழுதேன், வாலு. அத்தனை பேர் முன்னால், கமாண்டர் முன்னால். ஆனால் அவனுக்குப் பயந்து அழவில்லை. இத்தனை வருடம் நீ அதைத் தனியாகச் சுமந்தாயே என்றுதான்.

வக்கீல் விடவில்லை. உன்னிடமிருந்து போன வாரம் என் கடிதங்களை வாங்கியிருந்தார்களாமே? என் கைப்பையில் பிரார்த்தனைப் புத்தகத்தோடு இருந்த உன் கடிதங்களையும் கேட்டார், கொடுத்தேன். எல்லாம் மொழிபெயர்த்து வந்தன. ஏதோ சதி அகப்படும் என்று பிப்ரவரிக் கடிதத்தை உரக்க வாசிக்க ஆரம்பித்தார். யாராவது என்றால் யார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார்... லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் மணி அடித்தால்... வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "அந்த வால் எங்கே போயிற்று?" என்ற இடம் வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

நம் பக்கத்து வக்கீல் எழுந்து, "மீதியையும் வாசிக்கட்டும்" என்றார்.

நடுவில் இருந்த நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத்தானின் முழங்கால் பகுதியையும் சேர்த்து" என்றார்.

எல்லாக் கடிதத்தையும் வாசித்தார்கள், வாலு. உன் லிஃப்ட் மாப்பிள்ளை, என் விளக்கு, சின்னவளின் பல். கமாண்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

உன் பெயரைக் கோழை என்று மனதில் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

உடனே எழுது.

உன்
அக்கா


ஆகஸ்ட் 6

என் அக்காவுக்கு,

டீச்சர் வீட்டு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். உன் கடிதத்தை லிஃப்ட் ஷாஃப்டுக்குள் ஏணியில் நின்றபடி பிரித்தேன். நாற்காலியில் உட்காரச் சொல்லியிருந்தாய், ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே இருந்து கூட்டாளி, "என்னாச்சு, கரண்ட் அடிச்சிடுச்சா?" என்று கத்தினான். "ஆமா, அக்கா அடிச்சிட்டா" என்றேன்.

நான் மயங்கினது பிறகுதான். அதற்கு முன்னால் அவன் பூட்ஸ் என் முகத்துக்கு நேரே நின்றது. நீ சொன்ன அதே வார்த்தை. கிடங்கைச் சுற்றி நடந்து இரண்டு வாசலிலும் ஒரே உத்தரவைக் கொடுத்திருக்கிறான், பாவி. எடைக்காரர் பூட்டைத் திறந்துவிட்டதும் நீ என்னை அங்கிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, "எதுவும் கேட்டியா?" என்றாய். இல்லை என்றேன். உனக்கு எடை அறையில் ஒன்றும் கேட்டிருக்காது, இதுவாவது உனக்கு மிச்சமாகட்டும் என்றுதான். அதற்குப் பிறகு, நீ கேட்கவில்லை என்று நானும், நான் கேட்கவில்லை என்று நீயும், ஒரே மூட்டையை ஆளுக்கு ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறோம்.

ஜூலையில் கம்பெனி அனுப்பவில்லை, நானே விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். உன்னை வாயைத் திறக்காதே என்று எழுதியது, நான் திறக்கப்போகிறேன் என்பதால். என் சாட்சிக்கு உன் வாசல் விளக்கு உடையக் கூடாது என்று. அது நீ வாயைத் திறந்ததற்காகவே உடைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியுமா?

என்னிடமும் அந்த வக்கீல் கேட்டார். "உங்க அக்காவுக்கு இது தெரியுமா?" என்றார். "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது சார், அந்தச் சுவர் அவ்வளவு கனம்" என்று அடித்துச் சொன்னேன். சத்தியம் செய்துவிட்டு நான் சொன்ன ஒரே தப்பு அதுதான்.

இன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் தலையிலிருக்கும் பழைய தழும்பைத் தடவிவிட்டு, சாப்பாடு போட்டாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

உன்
வாலு


நவம்பர் 11

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். நீயும் நலம் என்று உன் குண்டுக் கன்னம் போட்டோவில் சொல்கிறது. அடுத்த மாதம் தீர்ப்பு. ஆண்டவனிடம் அவசரப்படுத்தாமல் தினமும் நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறேன்.

லவுட்ஸ்பீக்கர் சும்மா இல்லை. "தீர்ப்பு வரட்டும், கமாண்டர் திரும்பி வரட்டும், அப்புறம் இருக்கு" என்று கத்துகிறான். போன வாரம் நம் சனத்து வீடுகளைக் கணக்கெடுக்கிறேன் என்று நான்கு தடியன்கள் வந்தார்கள். அன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தான் எழுந்து நின்றார். அதற்குள் எதிர்வீட்டு டீச்சர் தெருவில் இறங்கிவிட்டாள்.

"என் பேரை முதல்ல எழுது" என்றாள்.

"நீங்க அவங்க ஆள் இல்லையே டீச்சர்."

"நீ ஒண்ணாம் கிளாஸ்ல கூட்டல் தப்பாப் போட்டவன்தானே? இப்ப மட்டும் கணக்கு எடுக்க வந்துட்டியா? எழுதுடா என் பேரை. இந்தத் தெருவுல எல்லாப் பேரையும் எழுது."

கதவுகள் திறந்தன. மாடி வீட்டுக்காரர், இஸ்திரிக்காரர், என்னோடு குழாயடியில் சண்டை போடுகிறவள்கூட, "என் பேரு, என் பேரு" என்று சூழ்ந்துகொண்டார்கள். தடியன்களுக்கு யாரை எழுதுவது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள்.

பிறகு டீச்சர் நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, "அன்னைக்கு எங்கம்மா ஜன்னலைச் சாத்தினாங்க. நான் திரைச்சீலை வழியாப் பார்த்துக்கிட்டு நின்னேன்" என்றாள். டீயில் சர்க்கரை அதிகம் போட்டுக் கொடுத்தேன்.

தீர்ப்பு நாளில் நீ எங்கே இருப்பாய்?

அக்கா


டிசம்பர் 4

அக்கா!

நலம் விசாரிக்க நேரமில்லை. எல்லாரும் நலமாகத்தான் இருக்க வேண்டும் இன்றைக்கு.

பார்வையாளர் இடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. ஏதோ லிஃப்ட் பழுது பார்க்க வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். வேலைச் சட்டையில்தான் வந்தேன்.

நீதிபதியம்மா காலையிலிருந்து வாசித்தார். நம் இடம் வந்தது. "இரு சாட்சிகள், ஒரே கட்டடத்தின் இரு எதிர்ப்புறங்களில், மற்றவர் கேட்டதை அறியாமல், ஒரே உத்தரவைக் கேட்டிருக்கின்றனர். அவர்கள் இதைப் பற்றித் தமக்குள் பேசிக்கொண்டதில்லை என்பதை அவர்களுடைய கடிதங்களே காட்டுகின்றன. ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினால் காத்த அந்த மௌனத்தை இந்த நீதிமன்றம் நம்புகிறது." நான் வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன், உனக்காக.

அவனை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றான். இனப்படுகொலைக் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றார். அந்தச் சொல்லைச் சொன்னார், அக்கா. கலவரம் இல்லை, கட்டுமீறல் இல்லை. நம் ஊர்ப் பொதுமன்னிப்புச் சட்டம் இந்தக் குற்றத்துக்குச் செல்லாது, எந்த நாடும் இதை மன்னிக்க முடியாது என்றார். வருமுன் தடுக்க வேண்டியதும் அரசுகளின் கடமை, தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரியும் பதில் சொல்ல வேண்டிவரும் என்றார். ஆயுள் தண்டனை.

பக்கத்தில் இருந்த கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு நாடு, வேறு பாஷை. அவர் ஊரிலும் ஏதோ ஒரு கிடங்கு இருந்திருக்க வேண்டும். இருவரும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தோம்.

அம்மாவிடமும் அண்ணனிடமும் நீ சொல்லிவிடு. உன் பிரார்த்தனைக்குத்தான் லைன் உடனே கிடைக்கும்.

உன்
வாலு


டிசம்பர் 19

என் செல்ல வாலுவுக்கு,

ஆண்டவன் நம்மை நலமாக வைத்திருக்கிறான். இந்த முறை இது வாடிக்கைக்கு எழுதுகிற வரி இல்லை.

தீர்ப்பை டீச்சர் வீட்டு டிவியில் தெருவே பார்த்தது. ஆயுள் என்றதும் அத்தான் முழங்காலை மறந்து துள்ளினார். இப்போது அதற்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று சாயங்காலம் நம் சனம் கிடங்குக்கு நடந்தது. கூடவே மற்ற தெருக்களும் வந்தன. இத்தனை வருடம் போட்டிருந்த பூட்டை உடைத்து, உள்ளே போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னோம். அம்மா பெயரை நான் சொன்னேன். அண்ணன் பெயருக்கு முறை வந்தபோது அழுதுவிட்டேன். குழாயடிக்காரி எனக்காகச் சொன்னாள். அவள் குரல் எதற்காவது உதவும் என்று எனக்கு எப்போதும் தெரியும்.

இன்ஸ்பெக்டர் தானே வீடு தேடி வந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"அம்மா, அந்த மைக்குக்காரன் பேச்சைப் பத்தி அன்னைக்கு ஒரு புகார்னு சொன்னீங்களே. எழுதித் தர்றீங்களா?"

"பேச்சு யாரைக் கொல்லும் ஐயா?"

தலையைச் சொறிந்தார். "மேலிடத்து உத்தரவும்மா. நாளைக்கு நாங்க பதில் சொல்ல வேண்டி வந்துடும்."

எழுதிக் கொடுத்தேன். டீச்சர் எழுத்துப் பிழை திருத்தினாள். மறுநாள் லவுட்ஸ்பீக்கரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் ஸ்பீக்கர் பெட்டியைக் கம்பத்திலிருந்து இறக்கியபோது தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மைதானத்துப் பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டார்கள். என்ன பெயர் வைப்பது என்று சண்டை நடக்கிறது. நடக்கட்டும்.

வாசல் விளக்கின் கம்பிக்கூண்டை அத்தான் நேற்று எடுத்துவிட்டார். வெளிச்சம் இரண்டு மடங்கு தெரிகிறது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்று காலை காய்கறிக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் எடை போட்டுக்கொண்டே பேசினாள்.

"கேட்டீங்களாக்கா? யாரோ ரெண்டு பேராம். அவ்வளவு தூரம் போய் அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துட்டாங்களாம். பேரைக்கூட வெளிய சொல்லலையாம். எந்தத் தாய் பெத்த பிள்ளைங்களோ, அந்தத் தாய்க்குப் பெருமைதான்."

தக்காளியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஆமாம்மா, பெருமைதான்" என்றேன். "யாராவது சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்."

பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, பிரார்த்தனையில் அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

நீ குடும்பத்தோடு வா. இனிமேல் நம் வீட்டு முகவரிக்கே எழுது.

இப்படிக்கு,
அந்த இருவரில் மூத்தவள்